குடியா என்று தைத்த பை

வடக்குப்பட்டு,
ஞாயிறு, பிற்பகல்.

அன்பு மகள் வாணிக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிவிட்டு, பிறகு தாளில் வேறு எழுதுவானேன் என்று நீ சிரிப்பாய். முகம் பார்த்தால் எனக்குச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் வாய் வராது, அது உனக்கே தெரியும். தாள் என்றால் அது என்னைத் திரும்பப் பார்க்காது, அதனால் கொஞ்சம் தைரியம் வருகிறது. இங்கே நானும், வீடும், நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடியும் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும், உன் ஜன்னலோரத்துப் புதினாத் தொட்டியும் வாடாமல் இருக்க வேண்டும். கிருபை என்று எழுதிவிட்டேன், கை பழக்கத்தில் எழுதியது, கோபப்படாதே. உன்னோடு தண்டலத்தில் நர்சிங் படித்த சுபஸ்ரீ அடுத்த வாரம் அயர்லாந்துக்கே வேலைக்கு வருகிறாள் அல்லவா, தன் பெட்டியில் எனக்கு இரண்டு கிலோ இடம் தருகிறேன் என்றாள். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வைத்திருக்கிறேன். நார்த்தங்காய் ஊறுகாயை இரண்டு கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், எண்ணெய் கசியாது. அவற்றோடு சாம்பல் நிறத்தில் ஒரு துணிப்பை இருக்கும். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊர் விசேஷம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாம்சன் மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் வைத்து நடக்கிறார், நடக்கிற நேரத்தைவிட வாக்கரைத் திட்டுகிற நேரம் அதிகம். மரகதம் அக்கா மகள் பூஜாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அக்கா மாடுகளை விற்றுவிட்டாள், மேய்க்க நிலம் எங்கே இருக்கிறது, எல்லாம் காம்பவுண்டு சுவர். மாடு இருந்த கொட்டகையைச் சிமெண்ட் பூசிக் கழுவி வைத்துவிட்டு, தினமும் அங்கே போய்ச் சும்மா நின்றுவிட்டு வருகிறாள். எனக்கு இந்த மாதமும் காலை ஷிப்டுதான். விடியும்போது கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலில் தலையைச் சாய்த்தால், ஏரி மேலே பனி நிற்கிறதா, நான்தான் இன்னும் தூங்குகிறேனா என்று தெரியாது. புதுக் கார்களை ஏற்றிய பெரிய லாரிகள் பக்கத்திலேயே மெதுவாக வரும், ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒரு சின்னச் சூரியன் ஏறும். ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் குலுங்கும்போதுதான் நான் யார், எந்த லைனில் வேலை என்பதெல்லாம் ஞாபகம் வரும். வயர்களைக் கட்டி டேப் சுற்றுகிற அதே வேலைதான், இப்போது தரம் பார்க்கிற பக்கம் போட்டிருக்கிறார்கள். டிகிரி இருக்கிறதே என்று சூப்பர்வைசர் சொன்னான். தபாலில் படித்த பி.ஏ. தமிழுக்கும் வயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன், வழக்கம் போலக் கேட்கவில்லை. நம் இரு பக்கத்துக் குடும்பத்திலும் முதல் பட்டம் என்று அன்றைக்கு உன் அப்பா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். வாழ்த்த வந்தவர்களிடம் முகம் காட்ட வெட்கப்பட்டு நான் சமையல்கட்டிலேயே நின்றேன். நீ ஆறாம் வகுப்பு, கதவிடுக்கில் வந்து, "அம்மா, நீ பாஸ்தானே ஆன, ஃபெயில் ஆனவங்க மாதிரி ஏன் ஒளிஞ்சிக்கினு இருக்கே" என்று கேட்டாய். அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கரைக்குப் பின்னால் புதுக் கம்பெனிக் கட்டடம் எழும்புகிற இடத்தில், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்களுக்கு வரிசையாகத் தகர ஷீட் அறைகள் போட்டிருக்கிறார்கள். மதியம் ஷிப்டு முடிந்து பஸ்ஸை விட்டிறங்கி நான் நடந்து வருவது அந்த வழிதான். பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள், மூன்று மணி வெயில், ஷீட் எல்லாம் பார்க்க முடியாமல் மினுங்கிக்கொண்டிருந்தது, ஓர் அறையின் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. ஏழு வயசுப் பிள்ளையின் கை. காற்றைத் தொட்டுப் பார்ப்பது போல விரல்களை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. கிட்டே போனேன். உள்ளே ஒரு பெண் பிள்ளை, இடுப்பில் இரண்டு வயசுத் தம்பி. கதவில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு. அம்மாவும் அப்பாவும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார்கள் என்று பிறகு தெரிந்தது. என் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். அவள் முதலில் தம்பிக்குக் கொடுத்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. யாரிடமாவது பேச வேண்டும் என்றாலே நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன், போலீஸ் பிடித்த மாதிரி என்று நீ கேலி செய்வாயே, அப்படித்தான் அணைத்துக்கொண்டு, நெஞ்சைத் தொட்டுச் "செந்தாமரை" என்றேன். பிறகு அவளைக் காட்டி உன் பெயர் என்ன என்று கையால் கேட்டேன். அவள் விரலை நீட்டி, கண்ணெல்லாம் மலர, "குடியா" என்றாள். குடியா, குடியா என்று நானும் இரண்டு தடவை சொன்னேன். தம்பிகூடச் சிரித்தான். குடி, குடித்தனம், குடியிருப்பு என்று நல்ல பெயராகத்தான் எனக்குப் பட்டது. வீடு வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைச் சொன்னேன். நான் வாய் திறந்ததே அதிசயம் என்று எல்லாரும் திரும்பினார்கள், வேர்த்துவிட்டது. மெர்சி அக்காதான் இப்போது செயலாளர். அவர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த வரிசையில் பதினொரு பிள்ளைகள், சிலர் பூட்டுக்குள், சிலர் லாரி போகிற ரோட்டில் என்றார்கள். பகல் முழுக்கப் பிள்ளைகளை ஓர் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், மதியச் சோறு போட வேண்டும், அதற்கு நம் கையால் முடிந்ததைச் செய்து விற்போம் என்று முடிவானது. சீட் கவர் தைக்கும் கம்பெனிகள் கழித்துப் போடும் துணியை ஸ்கிராப் கடையில் எடை போட்டுத் தருவார்கள், உள்பக்கம் ஸ்பாஞ்சு ஒட்டிய தடித்த துணி, அதில் பை தைப்பது என்று பேசினோம். பிள்ளைக்கு ஒரு பை, விற்பனைக்கு ஒரு பை. சாம்பல் புதன் அன்று பிள்ளைகளின் பெயரை மெர்சி அக்கா கேட்டு வந்தபடியும், குடியாவின் பெயரை நான் சொன்னபடியும் சீட்டில் எழுதி, காணிக்கைப் பைக்குள் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுத்தோம். எந்தப் பெயர் வருகிறதோ அந்தப் பிள்ளையின் பையில் அந்தப் பெயரைச் சிவப்பு நூலால் தைக்க வேண்டும், நூலை முடிச்சுப் போடும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் இதுதான் நம் விரதம் என்று மெர்சி அக்கா சொன்னார்கள். எனக்குக் குடியாவே வந்தாள். தடித்த துணிக்குத் தாங்கும் மிஷின் ஊரிலேயே மரகதம் அக்காவிடம்தான் இருக்கிறது என்று கேட்கப் போனோம். அக்கா, "மிஷின் மட்டும் இன்னாத்துக்கு, நானும் வர்றேன். எனக்கும் ஒரு சீட்டு குடு. நீங்க உங்க சாமிகிட்ட சொல்லுங்க, நான் எங்க கங்கையம்மன்கிட்ட சொல்றேன், யாருக்கு முதல்ல காது கேக்குதோ பாக்கலாம்" என்று சொல்லி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வாணி, அந்த நாற்பது நாளும் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றரை மணிக்கு வந்து, வாசலில் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து தைப்பேன். ஒரு முடிச்சு, குடியா. இன்னொரு முடிச்சு, குடியா. துணி முரட்டுத்துணி, ஊசி இரண்டு ஒடிந்தது, விரலில் குத்தியது. ஆனால் அந்தப் பெயர் வாயில் ஊறிவிட்டது. கம்பெனியில் டேப் சுற்றும்போது பெயர் தானாக வரும். பஸ்ஸில் கண் மூடினால் அவள் வளர ஆரம்பித்துவிடுவாள். இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போவாள், பத்தாம் வகுப்பில் கணக்கில் திணறுவாள், மறைமலை நகர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பாள், ஒருநாள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில்கூட நின்றாள். ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிச் சொல்லி நான் கனவுக்குள் வளர்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அந்த ஜன்னல் வழியாகத் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுத்து, குடியா என்று கூப்பிடுவேன். அவள் ஓடி வந்து என் கைப்பையைத்தான் முதலில் பார்ப்பாள். பழத்தைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பூட்டு அப்படியே இருந்தது. நானும் மெர்சி அக்காவும் ஒரு மாலை அவள் அப்பாவைப் பார்க்கப் போனோம். சுக்ராம் என்று பெயர், ஜார்கண்டு பக்கம், ஒல்லியான மனிதர், தமிழ் கொஞ்சம் வரும். பகலில் பிள்ளைகளைச் சபையின் ஹாலுக்கு அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். அவர் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "சர்ச் வேணாம் அக்கா. அப்புறம் பசங்க பேர் மாத்தும், சாமி மாத்தும், எல்லாரும் சொல்றான்" என்றார். மெர்சி அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. பூட்டிவைத்தால் வெயிலில் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். போன வருஷம் வேறு ஊரில், வேலை நடக்கும் இடத்துத் தண்ணீர்த் தொட்டியில் பக்கத்து அறைக்காரர் பிள்ளை விழுந்து செத்துப்போனதாம். "பூட்டு போட்டா நான் வரும்போது இருக்குது" என்றார். அவ்வளவுதான். அந்தப் பூட்டைப் பார்த்து நான் தினமும் கோபப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதுவும் ஒரு தகப்பனுடைய கை என்று புரிந்தது. வெயிலோ ஏறிக்கொண்டே இருந்தது. உள்ளே தம்பிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அவள் ஈரத்துணியை அவன் முதுகில் போட்டுப் போட்டு எடுப்பாள். மத்தியானத்தில் ஷீட்டைத் தொட்டால் என் கையே சுட்டது. எனக்குச் சொல்லிக்கொள்ள அந்தப் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. முடிச்சுப் போட்டேன், சொன்னேன்.

குருத்தோலை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்து, பதினொரு பைகளையும் எடுத்துக்கொண்டு அங்கே போனோம். அன்றைக்கு அவர்களுக்கு அரை நாள் லீவு, எல்லாரும் வாசலில் இருந்தார்கள். சிலுவை மடித்த குருத்தோலையை நான் சபையிலேயே வைத்துவிட்டேன். சுக்ராம் சொன்னது மனசில் இருந்தது. தம்பிக்கென்று இன்னொரு ஓலையில் கிளி மடித்து எடுத்துப்போனேன், ஓலைக்கு இரண்டும் தெரியும், என் கைக்கும் தெரியும். மெர்சி அக்கா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளைகள் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் என் முறை. நாற்பது நாள் முடிச்சில் சொன்ன பெயரை முதல் தடவையாக எல்லார் முன்னாலும் கூப்பிடப் போகிறேன். "குடியா" என்றேன். யாரும் வரவில்லை. இன்னும் சத்தமாகக் "குடியா" என்றேன். அந்த வரிசையே ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். சுக்ராம் எழுந்து வந்தார், சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "அக்கா, குடியா பேர் இல்லே. குடியா பொம்மை" என்று சொல்லி, என் கைப்பையில் தொங்கிய கம்பளிப் பொம்மையைக் காட்டினார். நீ விமானம் ஏறும் அன்று மாட்டிவிட்டாயே, அந்தப் பொம்மை. அன்றைக்கு நான் நெஞ்சைத் தொட்டு என் பெயரைச் சொன்னபோது, நெஞ்சோடு அணைத்திருந்த பையில் அவள் பார்த்தது பொம்மையை. அவள் விரல் நீட்டியதும் அதைத்தான்.

மரகதம் அக்காவைக் கேட்க வேண்டுமா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னாடி தாமர, ஒன்றரை மாசமா பொம்மைக்கா ஜெபம் பண்ணிக்கினு இருந்தே? நல்லவேளை அந்தச் சீட்டு எனக்கு வரல, வந்திருந்தா எங்க ஆத்தா சூலத்தாலயே குத்தியிருப்பா, எழுதப் படிக்கத் தெரிஞ்ச நீயே இப்படின்னா நாங்கல்லாம் இன்னா பண்றது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், மெர்சி அக்காவும் சிரித்தார்கள், நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் அழுதேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நாற்பது நாளாக என்னோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பிள்ளை அந்த ஒரு சொல்லில் இல்லாமல் போய்விட்டாள், வாணி. அதற்குத்தான் அழுதேன். அப்போது அவள் அம்மா கிட்டே வந்து பையை வாங்கினாள். சிவப்பு நூல் எழுத்தை விரலால் தடவி, நீயா தைத்தாய் என்று கையால் கேட்டாள். ஆமாம் என்று என் விரலில் ஊசி குத்திய இடங்களைக் காட்டினேன். மெர்சி அக்கா முடிச்சு விஷயத்தைச் சொல்ல, சுக்ராம் அதை அவர்கள் பாஷையில் சொன்னார். பாதியில் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, "டெய்லி சொன்னீங்க? இவளுக்கா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பிறகு அவர், "இவ பேரு எத்வாரி. எத்வார்னா சண்டே. சண்டே பொறந்தா" என்றார். ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஞாயிறு தோறும் கூடி உட்கார்ந்து அவளைத் தவிர வேறு பெயரையெல்லாம் சொல்லியிருக்கிறோம்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா. அம்மா கையிலிருந்து பையைப் பிடுங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பொம்மையைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். என் கைப்பையிலிருந்து கம்பளிப் பொம்மையைக் கழற்றப் போனேன். அதற்குள் அவள் பையைக் கவிழ்த்து, கைப்பிடி இரண்டையும் முறுக்கி இரட்டைச் சடை போலக் கட்டிவிட்டு, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, தம்பியைப் பார்த்துக் "குடியா" என்றாள். ஸ்பாஞ்சு வைத்த துணி, குழந்தை மாதிரி மெத்தென்று இருந்தது. நான் சிவப்பு நூலால் வளைத்து வளைத்துத் தைத்த எழுத்து அவளுக்கு வாயாகத் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் பை கொடுத்தோம், அவளுக்கு மட்டும் பொம்மை கொடுத்திருக்கிறோம், அதன் மேல் பொம்மை என்று எழுதியும் கொடுத்திருக்கிறோம்.

அன்றைக்கு மரகதம் அக்காதான் சுக்ராமிடம், "சர்ச்சும் வேணாம், கோயிலும் வேணாம்யா, என் வூட்டாண்ட மாடு கட்டுன எடம் சும்மாதான் கீது. கதவே கிடையாது, நீ எப்ப வேணா வந்து பாத்துக்கலாம். தண்ணித் தொட்டிய மண்ணு போட்டு மூடிட்டேன்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார் என்று நினைக்கிறேன். ஈஸ்டருக்கு மறுநாள் காலையில், எத்வாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே வந்து விட்டுப் போனார். பொம்மையும் கூட வந்தது. இப்போது எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பை விற்றதில் அரிசி பருப்பு வருகிறது, மெர்சி அக்காவின் நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள், மாடுகள் போன துக்கம் மரகதம் அக்காவுக்கு ஆறிவிட்டது, மாடுகளைத் திட்டிய அதே வார்த்தைகளால் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு திரிகிறாள். மதியம் நான் அந்தத் தகர அறைகளைத் தாண்டி வரும்போது, அவர்கள் கதவில் பூட்டு வாயைத் திறந்துகொண்டு கொண்டியில் சும்மா தொங்கும். அதைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

ஒன்று மட்டும் மனசை அரிக்கிறது. அந்தக் கட்டட வேலை ஆனி மாதத்தோடு முடிகிறதாம். பிறகு எந்த ஊர் என்று சுக்ராமுக்கே தெரியாது, ஓசூரோ, அதற்கும் அந்தப் பக்கமோ, மேஸ்திரி எங்கே சொல்கிறாரோ அங்கே. அங்கே ஒரு மரகதம் இருப்பாளா, காலியான மாட்டுக்கொட்டகை இருக்குமா. அந்தப் பூட்டு அவர்களோடுதான் போகும். அதனால் சங்கத்தில் பேசி, அவள் எங்கே போனாலும் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்துவதில்லை என்று வைத்திருக்கிறோம், இந்தத் தடவை சரியான பெயரை.

இனி எழுதப்போவதை எழுதுவதில்லை என்று நான் உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அப்பா இறந்துபோன வருஷம், ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் வரிசையில், நாம் இரண்டு பேரும் அன்பு, அன்பு என்று அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். சபையே சொன்னது. அடக்கம் முடிந்து வந்து நீ செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்த ஆண்டவருக்கு நம்ம பேரே தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா கூப்பிட்டப்ப திரும்பிப் பாத்திருப்பாரு" என்றாய். அதற்குப் பிறகு நீ கோயிலுக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா பெயரைச் சரியாகத்தான் சொன்னோம், ஒன்றும் திறக்கவில்லை. இவள் பெயரைத் தப்பாகச் சொன்னேன், நாற்பது நாளும் தப்பாகவே சொன்னேன், அந்தத் தப்பினாலேயே ஒரு பூட்டுத் திறந்தது. இதை எப்படிக் கூட்டிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, கூட்டிக் கழிக்கிற விஷயமாகவும் தோன்றவில்லை. நான் சொன்ன பெயரைக் கேட்டவர் யாரோ, சீட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார் போலிருக்கிறது என்று பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் ஒருநாள் நினைத்தேன். நினைத்ததைச் சொல்கிறேன், உன்னை நம்பச் சொல்லவில்லை.

அங்கே குளிர் குறைந்துவிட்டது என்று கழுத்துத் துணி கட்டாமல் வெளியே போகாதே. ரொட்டியையே தின்றுகொண்டிருக்காமல் வாரத்தில் நாலு நாளாவது சோறு வை. வைட்டமின் மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்தால் போதாது, நீயும் போடு. தேர்வுக்குப் பணம் கட்டும் தேதியை விட்டுவிடாதே, மே கடைசி என்று நீதான் சொன்னாய். சுபஸ்ரீயை ஏர்போர்ட்டில் போய்க் கூட்டிக்கொள், புது ஊரில் முதல் நாள் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். நீ போகும்போதும் வரும்போதும் உன் காலுக்குக் கல் தட்டாமல் இருக்கட்டும். உன் கை பட்டவர்கள் வலி குறைந்து தூங்கட்டும். நீ நீண்ட ஆயுசோடு, சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும்.

முடிந்தது என்று பேனாவை மூடினேன். மூடியைத் திறந்து இதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இத்தனை பக்கம் எழுதியதற்கு அர்த்தமில்லை. பெட்டியில் இருக்கும் சாம்பல் பை உனக்காக நான் தைத்தது. அதில் உன் பெயரைத் தைக்கவில்லை, நீ விரும்ப மாட்டாய். உள்பக்கம் சின்னப் பாக்கெட் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். காணிக்கைப் பையிலிருந்து நான் எடுத்த அதே சீட்டுத்தான், குடியாவை அடித்துவிட்டுக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மாத்திரைக்கு முன்னாலும் நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்த்துத்தான் கொடுப்போம், பெயர் தப்பினால் ஆளே தப்பிவிடும் என்று நீ சொல்லியிருக்கிறாய். பெயரைச் சரியாகச் சொல்கிற வாய் நம் வீட்டில் உன்னுடையதுதான். நீ முழங்கால் போட வேண்டாம், கண் மூட வேண்டாம், ஆமென் சொல்ல வேண்டாம். காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு முதல் கதவுக்குப் போவதற்குள், நடந்துகொண்டே, ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்வாயா? யாரிடம் சொன்னாய் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். எத்வாரி. நான் தப்பாகச் சொன்னதை நீ சரியாகச் சொல்லு, அம்மா.

உன் அம்மா,
செந்தாமரை.